நீல உறை

மேலே ஒட்டிய தாளில் இருபது ஆம்பியர்.
கத்தியால் கீறித் திறந்தேன்.
அறுபத்தைந்து செல் இருக்கவேண்டிய கூட்டில்
ஐம்பத்திரண்டு.
மீதி இடத்தில் மடித்த அட்டை,
எடை காட்ட ஒரு சிமெண்ட் வில்லை.

செல்கள் ஒரு வீட்டுப் பிள்ளைகள் இல்லை.
சில, செத்த லேப்டாப்பிலிருந்து.
சில, எதிலிருந்து என்று அதுகளுக்கே தெரியாது.
நிக்கல் பட்டையை நகத்தால் நெம்பினேன்,
வெந்த கிழங்கின் தோல்போல உரிந்து வந்தது.

சூடு பார்க்கும் சென்சார் என்று ஒரு கறுப்பு வயர்.
எங்கே போகிறது என்று விரலால் பின்தொடர்ந்தேன்.
எங்கும் போகவில்லை.
பாதி வழியில் பசையில் மாட்டி நின்றது,
கணக்கெடுக்க வந்தவன் வாசலோடு திரும்பிய மாதிரி.

"முதலாளி, இது ஆகாது."
"ஓடுதா?"
"ஓடுது."
"பிறகென்ன."

ஷார்ஜா, ரோலா, ஆகஸ்ட்.
ஷட்டரைத் தொட்டால் கை பொங்கும்.
இரண்டு செல் மாற்றினேன்,
பட்டையை மறுபடி பற்றவைத்தேன்,
நீல உறையை மாட்டி ஹீட் கன்னை ஓட்டினேன்.
உறை சுருங்கி இறுகும்போது
எல்லாம் புதுசாகிவிடும்.
அட்டையை உள்ளேயே வைத்தேன்.
சிமெண்டையும்தான்.
சொல்லிவிடுகிறேன்.

நூற்றிருபது திர்ஹம்.
கொடுத்து வாங்கிப்போனவன் இசக்கிராஜ்,
கஃப்டீரியாவின் பரோட்டாவும் சுலைமானியும்
ஏழு கட்டிடங்களுக்குச் சுமப்பவன்.
என் அறைக்காரன்.
ஜன்னலோரக் கட்டிலில் கீழ்த்தட்டு அவனுக்கு,
மேல்தட்டு எனக்கு.

கதவில் ஒரு தாள்:
அறைக்குள் பேட்டரி சார்ஜ் செய்யக் கூடாது.
நாலு மொழியில். தமிழ் இல்லை,
இருந்தாலும் புரியாமல் இல்லை.
படிக்கட்டடியில் வைத்தால் காலையில் இருக்காது.
தொலைந்தால் இரண்டு மாதச் சம்பளப் பிடித்தம்.
அதனால் கட்டிலுக்கடியில்,
சார்ஜர் விளக்கு வாட்ச்மேன் கண்ணில் படாமல்
மேலே ஒரு கைலி போர்த்தி.

வியாழன் இரவு
ஒரு வாசனை.
இனிப்பு.
நகப்பூச்சுப் புட்டியைத் திறந்த மாதிரி,
அழுகத் தொடங்கிய அன்னாசி மாதிரி.
மற்றவர்கள் தூக்கத்தில்
யாரோ அத்தர் பூசியதாக நினைத்திருக்கலாம்.
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் நாலு மூச்சு படுத்தே கிடந்தேன்.
அந்த நாலு மூச்சுக்கு
இன்னும் பதில் சொல்லி முடியவில்லை.

பிறகு எல்லாம் கால்கள்.
பிளக்கைப் பிடுங்கியது ஒலியுல்லா.
மெஸ் அண்டாவில் கைலியோடு அள்ளிப்போட்டு
இசக்கிராஜும் நானும் ஆளுக்கொரு காது பிடித்து
மூன்று மாடி ஏறினோம்.
அண்டா இடுப்பில் சுட்டது.
"விட்ராதண்ணே, விட்ராதண்ணே" என்றான்,
ஏதோ பிள்ளையைத் தூக்கிப்போவது போல.

மொட்டைமாடியில் டிஷ் ஆண்டெனாக்களின் நடுவே
கீழே வைத்துத் திரும்பவில்லை,
சீறியது.
வெள்ளைப் புகை, அப்புறம் நெருப்பு,
அப்புறம் ஒவ்வொரு செல்லாய் எகிறியது.
நான் எண்ணிக்கொண்டிருந்தேன். தொழில் பழக்கம்.
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

விடிந்தபோது அண்டாவின் அடியில்
சிமெண்ட் வில்லை மட்டும் முழுசாய்க் கிடந்தது.
அந்தப் பெட்டியில்
ஒழுங்காய்ச் செய்த பொருள் அது ஒன்றுதான்.

நீ சரி பண்ணியதுதானே என்று
இசக்கிராஜ் கேட்கவில்லை.
கொப்புளித்த உள்ளங்கையை ஊதிக்கொண்டே
புதுசு எவ்வளவு என்று கேட்டான்.

சாயங்காலம் கடையில் அடுத்த பெட்டி.
அதே தாள், அதே இருபது.
நீல ரோலை பெஞ்சுக்கடியில் உதைத்துத் தள்ளினேன்.
நிறமில்லாத உறை ஒரு துண்டு மிச்சமிருந்தது,
அதை மாட்டிச் சூடு காட்டினேன்.
சுருங்கி இறுகியது.
அட்டை, கோணல் ஒட்டு, பசை
எல்லாம் கண்ணாடிப் பெட்டிப் பலகாரம்போலத் தெரிந்தன.

"நீலம் எங்கடா?"
"தீர்ந்துபோச்சு முதலாளி."

வாங்க வந்தவன் ஒரு நேபாளிப் பையன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
கறுப்பு வயரின் மேல் விரல் வைத்து
மெதுவாய்ப் பின்தொடர ஆரம்பித்தான்.